பொட்டு வைத்த எட்டு வால்வுகள்

என் பூசை அலமாரியில், விளக்குக்கு வலப்புறம், அரைச் சாண் நீளத்தில் ஓர் இரும்புப் பொருள் நிற்கிறது. கீழே வட்டத் தட்டு, அதன் நடுவிலிருந்து நிமிர்ந்தெழும் மெல்லிய தண்டு, தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் எலி கடித்தாற்போல ஒரு பள்ளம். நாள்தோறும் அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறேன். வீட்டுக்கு வருகிற இளையவர்கள் அதைத் தலைகீழாக நிறுத்திய வேல் என்று நினைத்துக் கைகூப்புகிறார்கள். என் வயதை ஒத்த நீங்களோ பார்த்ததும் சிரித்துவிடுகிறீர்கள். கார் என்ஜினின் வால்வுக்குப் பூசை அலமாரியில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லிக் கதை தேய்ந்துகொண்டே வருகிறது. எழுதி வைத்துவிடுவது நல்லது.

இன்று தெருவில் போகும் வண்டிகளுக்கு மூச்சு இல்லை. மின்கலம் சுழற்ற, ஓசையின்றி நகர்கின்றன. நம் சிறுவயதில் ஓடியவை காற்றை உண்டு, உள்ளே நெருப்பாக்கி, புகையாக உமிழ்ந்தவை. விடியற்காலையில் யார் வீட்டு வண்டி கிளம்புகிறது என்பதை அதன் இருமலிலேயே சொல்லிவிடுவோம். அந்த மூச்சுக்கு வாயில்காவல் செய்தவை வால்வுகள்.

கடல் ஊருக்குள் வந்து போன மார்கழிக்கு அடுத்த புரட்டாசி அது. எனக்குப் பத்து வயது. உப்பளம் என்னும் பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் ஷெட் இருந்தது. தகரக் கூரை, நடுவில் ஆள் இறங்கி நிற்கும் பள்ளம், சுவரில் ஸ்பேனர்கள் தொங்கும் பலகை, பலகையின் மூலையில் ஷெட்டுச் சாவிக்கென்று ஓர் ஆணி. அப்பாவும் சித்தப்பாவும் அங்கே வேலை செய்தார்கள். அப்பா வாய் திறவாமல் வேலை செய்கிறவர். சித்தப்பா வாய் மூடாமல் வேலை செய்கிறவர்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் சித்தப்பா ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு, அடியிலிருக்கும் திருகை முடுக்க மறந்துபோனார். வண்டி கடலூர்ச் சாலை நெடுகிலும் ஆயிலைச் சிந்திக்கொண்டே போய் நின்றது. அதன் உரிமையாளர் பிறகு எங்கள் ஷெட்டுப் பக்கம் திரும்பவில்லை. அன்று அப்பா சொன்னதைச் சமையலறைச் சன்னல் வழியாக நானும் அம்மாவும் கேட்டோம்.

"இன்னொரு தப்பு வரட்டும். தம்பின்னு பாக்கமாட்டேன். சாவிய ஆணியில மாட்டிட்டுப் போய்ட்டே இரு."

சித்தப்பாவுக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சொந்த ஷெட் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். அந்த ஷெட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அந்த நிலையில்தான் முசியேயின் வண்டி வந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றுவந்த தமிழர் அவர். தெருவில் நாங்கள் அவரை முசியே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும் அழைத்தோம். வண்டியும் பிரெஞ்சு வண்டியே. முட்டை ஓட்டின் வெண்மை, அப்பாவின் வயது. மதாமுக்கு முழங்கால் மடங்காது. ஆட்டோவில் ஏறவே முடியாது. அந்த வண்டியின் தாழ்ந்து அகன்ற இருக்கை ஒன்றுதான் அவரை ஏற்றுக்கொண்டது. ஞாயிறுதோறும் ஆற்றுக்கு அக்கரையில், தாம் பிறந்த ஊரின் மாதா கோயிலுக்குப் பூசை காணப் போவார். நான்கு வாரங்களாகப் போகவில்லை. அரியாங்குப்பம் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டி நின்று, பின்னோக்கி நழுவத் தொடங்கியிருந்தது.

"நெஞ்சு வலிக்காரன் மாடி ஏறுற மாதிரி ஏறுதுப்பா," என்றார் முசியே.

அப்பா என்ஜினை ஓடவிட்டுப் புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கம்ப்ரஷன் இல்லீங்க முசியே. ஒரு வால்வு எரிஞ்சிருக்கும். ஹெட்ட கழட்டிப் பாத்துடணும்."

பின்னிருக்கையிலிருந்து மதாம் எட்டிப் பார்த்தார். "அப்படி என்னதான் நோவு அதுக்கு? எனக்குப் புரியற மாதிரி ஒருத்தராவது சொல்லுங்களேன்."

அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "மதாம், உங்க கோயில்ல முன்னால ஒரு பெரிய கதவு, பக்கத்துல ஒரு சின்னக் கதவு இருக்குதா?"

"இருக்குது."

"என்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரும் அப்படி ஒரு கோயிலு. பெரிய கதவு தொறக்கும். காத்தும் பெட்ரோலும் சனங்க மாதிரி உள்ள வரும். அப்புறம் ரெண்டு கதவும் சாத்திடும். பிஸ்டன் மேல வந்து கூட்டத்த ஒரே அமுக்கா அமுக்கும். மெழுகுவத்தி பத்தவெச்ச மாதிரி ஒரு பொறி விழும். டமார்! அந்த வேகத்துலதான் வண்டி ஓடுது. பூசை முடிஞ்சுது. சின்னக் கதவு தொறக்கும், பொகையெல்லாம் வெளிய போயிடும். மறுபடி பெரிய கதவு. அவ்ளோதான் மதாம், நாலே வேல."

"சரி, எனக்கு எதுல கோளாறு?"

"உங்க வண்டியில ஒரு சின்னக் கதவு சரியா சாத்தல. பூசை நடக்கறப்பவே சனம் நழுவுது."

மதாம் குலுங்கிச் சிரித்தார். "எங்க கோயில்லயும் அதேதான். சாமியார் பிரசங்கத்த ஆரம்பிச்சார்னா பாதிப் பேரு அந்தக் கதவாண்ட நிக்கறான்."

"வொலா, பிரமாதம்!" என்று முசியே கைதட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "போற கதவ ஏன் சின்னதா வெச்சான்? அதுவும் பெருசா இருந்தா சீக்கிரம் காலியாவுமே?" என்று கேட்டார்.

அந்த மாதத்தில் அப்பா பேசிய மிக நீண்ட பேச்சு அதற்கான விடைதான். "உள்ள வர்றத இழுக்கணுங்க. பின்னாலர்ந்து தள்ள எதுவும் இல்ல. அதனால வாசல் பெருசா வேணும். வெளிய போறது வெடிச்ச வேகத்துல போவுது, பின்னாலயே பிஸ்டனும் தள்ளுது. சின்ன வாசல் போதும். ஆனா அதுல போறது நெருப்பு. அந்த வால்வு பழுக்கக் காயும். சாத்தி சீட்டுல உக்கார்ற நேரத்துலதான் அந்தச் சூடு ஹெட்டுக்கு எறங்கும். உக்கார்றது துளி கோணலாப் போச்சுன்னாலும் சூடு எறங்க வழியில்ல. விளிம்பு கரிஞ்சிடும்."

ஆயுத பூசை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மதாம் கோயிலில் இருப்பார் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். வண்டி உள்ளே வந்ததும் சித்தப்பாவிடம் திரும்பினார்.

"இதுல வால்வு வேல முழுக்க நீ பண்ணு. ஆடி மாசம் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குதுண்ணே."

ஹெட் என்பது என்ஜினின் மூடி. அதைக் கழற்றிப் புரட்டியபோது நான்கு குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியிலும் பெரிய வட்டம் ஒன்று, சிறிய வட்டம் ஒன்று, கண்கள் போல. மூன்றாவது குழியின் சிறிய வால்வைச் சித்தப்பா வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு கரிந்து உதிர்ந்திருந்தது. "பாருண்ணே, முறுக்கு கடிச்ச மாதிரி." அதற்கு மட்டும் புதியது வந்தது. மற்ற ஏழும் பழையவையே.

ஒரு மரப் பலகையில் எட்டுத் துளைகள் இருந்தன. கழற்றிய வால்வுகளைத் தண்டு கீழாகச் செருகி வைப்பதற்கு. துளைகளின் பக்கத்தில் சாக்குக்கட்டியால் எண் போட வேண்டும். இங்கேதான் பிரெஞ்சு வண்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அந்தப் பழைய பிரெஞ்சு வண்டிகளிலோ கிளட்ச் பக்கம், அதாவது பின்னால் இருப்பது, முதலாவது.

"பின்னாலர்ந்து எண்ணு," என்றார் அப்பா.

"தெரியும்ண்ணே."

"தெரியும்னுதான் ஆடி மாசமும் சொன்ன."

சித்தப்பா குனிந்து எண்களை எழுதினார்.

அதன்பின் இரண்டு நாட்கள் ஷெட்டில் கேட்டது ஒரே ஒலி. வால்வின் விளிம்பில் மணல் கலந்த பசையைத் தடவி, அதன் இருக்கையில் அமர்த்தி, தட்டில் ரப்பர்க் கிண்ணம் பதியும் ஒரு குச்சியை ஒட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மத்துப் போல உருட்ட வேண்டும். சரக் சரக்கென்று முதலில் கரகரப்பாக எழும் ஓசை, போகப் போகப் பட்டுத் துணியை உரசுவது போல் இழையும். அந்த ஓசை மாறும் கணத்தைக் காதால் அறிந்து நிறுத்துவதே வித்தை. பசை வந்த தகர டப்பாவுக்கு இருபுறமும் மூடி. ஒருபுறம் பருமணல், மறுபுறம் மாவு போன்ற நயம். அந்த டப்பாவை இன்று எங்கு தேடினாலும் கிடைப்பதில்லை. உருட்டி முடித்ததும் வால்வின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் விழும். இருக்கையிலும் அதே வளையம். எட்டையும் முடித்து, மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெய் பூசி, பலகையில் எண்படி செருகிவைத்தார் சித்தப்பா. உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன.

மறுநாள் ஆயுத பூசை. அப்பாவும் சித்தப்பாவும் பூசணிக்காயும் பொரியும் மாலையும் வாங்கப் பெரிய கடைத்தெருவுக்குப் போனார்கள். அம்மா கிணற்றடியில் குத்துவிளக்குகளைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஷெட்டின் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு பலகையைக் கண்டேன்.

எனக்கு அப்போதே பதிகங்கள் பல மனப்பாடம். மாலையில் விளக்கின் முன் ஒரு பதிகமாவது பாடாமல் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. இறைவன் திருமுன் வைப்பது எதுவும் மாசு நீங்கி ஒளிவிட வேண்டும் என்று நம்பினேன். அந்த எட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கருத்து நின்றது என் பக்திக்குப் பொறுக்கவில்லை. எட்டையும் மடியில் அள்ளிக்கொண்டு போனேன். அம்மா வைத்திருந்த புளியில் ஓர் உருண்டை எடுத்து, சின்ன அண்டாவில் போட்டுக் கழுவினேன். துடைத்து, துரு ஏறக்கூடாதே என்று தண்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். அது என் கெட்டிக்காரத்தனம். வாழையிலையில் பெரியவை நான்கைப் பின்னும் சிறியவை நான்கை முன்னும் நிறுத்தி, ஒரு பதிகம் பாடி முடித்தேன். எட்டு இரும்புத் தாமரைகள் போலிருந்தன.

"அப்பா வண்டிச் சத்தம் கேக்குதுடி, ஷெட்ட பெருக்கினியா?" என்று அம்மா குரல் கொடுத்தாள். அவசரமாகப் பலகையில் திரும்பச் செருகினேன். பெரியதன் துளையில் பெரியது, சிறியதன் துளையில் சிறியது. எந்தப் பெரியது எந்தத் துளையில் இருந்தது என்பது ஒரு கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை. நான்கும் ஒன்றுபோல்தானே இருந்தன. எட்டின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

அப்பா உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். "யாரு பொட்டு வெச்சது?"

"நான்தான்ப்பா."

"லட்சணமா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அரிது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சந்தனம் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததா? தேங்காயெண்ணெய் வாசனை சித்தப்பாவின் மூக்குக்கு எட்டாததா? ஷெட் முழுவதும் அன்று சாம்பிராணிப் புகை. பிள்ளை ஆசையாகச் செய்ததை யாரும் கிளறிப் பார்க்க விரும்பவில்லை என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

விசயதசமியன்று, நல்ல நேரத்தில், சித்தப்பா ஒவ்வொரு வால்வாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொட்டைத் துடைத்து, ஹெட்டில் கோத்துச் சுருள் கம்பி மாட்டினார். "சாமி கும்பிட்ட வால்வு. இனிமே மலையே ஏறும்," என்றார்.

வியாழனன்று சோதனை. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, நான்கு குழிகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். வால்வுகள் நன்றாக அமர்ந்திருந்தால் ஒரு சொட்டும் கீழே இறங்காது. நான் தேநீர் கொண்டுபோய் நின்றேன். அப்பா குனிந்து, காற்றும் புகையும் போய்வரும் பக்கத்துத் துவாரங்களில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது. அடுத்ததிலும் ஈரம். நான்கில் மூன்று குழிகள் ஒழுகின.

"எந்தப் பக்கத்துலர்ந்து எண்ணின?"

"பின்னாலர்ந்துதான்ணே."

"பின்னாலர்ந்து எண்ணினா அது அது தன் சீட்டுல உக்காந்திருக்கும். ஒண்ணோட சீட்டுல இன்னொண்ணு உக்காந்திருக்கு. அதான் ஒழுகுது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

சித்தப்பா பலகையைப் பார்த்தார். எண்கள் மண்ணெண்ணெய் பட்டு அழிந்திருந்தன. ஹெட்டைப் பார்த்தார். கைகளை முன்னும் பின்னும் நீட்டி எதையோ நினைவுபடுத்திப் பார்த்தார். நான் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வால்வு ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் இருக்கை உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அந்தக் கணமே வாய் திறந்திருக்க வேண்டும். தேநீரில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரேடியேட்டர் பக்கத்துலர்ந்து எண்ணிட்டனோ என்னமோ," என்றார் சித்தப்பா மெல்ல. "கழட்டறப்ப ஒரு மாதிரி, மாட்டறப்ப ஒரு மாதிரி எண்ணியிருப்பேன். கை பழக்கம்ணே."

அப்பா நிமிர்ந்தார். ஆணியைப் பார்த்தார். சித்தப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதில் மாட்டினார். போகும்போது என் கையிலிருந்த தேநீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி," என்று கண் சிமிட்டினார்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மறுநாள் அம்மா சொன்னாள். "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா கை கழுவ எழுந்து போனார். அன்று மாலை விளக்கின் முன் பாட உட்கார்ந்தேன். குற்றமெல்லாம் பொறுத்தருள வேண்டும் என்று பொருள்படும் அடி வந்ததும் மூச்சு நின்றுபோனது. "என்னடி, பாதியில நிக்குது?" என்றாள் அம்மா. சளி என்று சொல்லிவிட்டேன். குற்றத்தோடு ஒரு பொய்யும் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை அப்பா தனியாக உட்கார்ந்து வால்வுகளை மறுபடி உருட்டிக்கொண்டிருந்தார். முந்தைய நாளும் முழுக்க அதே வேலை. சித்தப்பாவின் வேகம் அவர் கைகளில் இல்லை. ஒரு வால்வை எடுத்து அதன் சாம்பல் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா, அறியேன்.

"எவ்ளோ சுத்தமா அரைச்சிருக்கான் பாரு. இப்படி அரைக்கத் தெரிஞ்சவனுக்கு எண்ணத் தெரியாமப் போச்சே."

"எண்ணத் தெரியும்ப்பா," என்றேன்.

"என்ன?"

"சித்தப்பாவுக்கு எண்ணத் தெரியும். நான்தான் எடுத்தேன்."

"எதை?"

"எட்டையும். கழுவறதுக்கு. பெருசு எடத்துல பெருசா, சிறுசு எடத்துல சிறுசாத்தான் வெச்சேன்."

அப்பா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவர் பழந்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஏறு வண்டியில," என்றார்.

துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து, கரையெங்கும் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படகின் வயிற்றுக்குள்ளிருந்து சித்தப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் டீசல் கரி.

"டேய்," என்றார் அப்பா.

"என்னண்ணே, நாலாவதும் ஒழுவுதா?"

அப்பா என் முதுகில் கைவைத்து முன்னே நகர்த்தினார். "சொல்லு."

சொன்னேன். காற்றின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை போலும். சித்தப்பா படகிலிருந்து ஏறி வந்து என் முன்னே குந்தி உட்கார்ந்தார்.

"எட்டையுமா?"

"ம்."

"புளி போட்டா?"

"ம்."

"பாட்டு வேற பாடினியா?"

தலையாட்டினேன். பெரிய சிரிப்பு ஒன்று அவரிடமிருந்து கிளம்பி, பாதியில் நின்றுபோனது. நான் அழத் தயாராக இருந்தேன். திட்டுவதற்கோ தேற்றுவதற்கோ அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தார்.

"அப்ப நான் பின்னாலர்ந்துதான் எண்ணியிருக்கேன்."

"ஆமாம்டா."

"ரெண்டு நாளா இதான்ணே நெனப்பு. கண்ண மூடினா ரேடியேட்டர் பக்கம் நின்னு எண்ணற மாதிரியே தெரியுது. செய்யாதத செஞ்ச மாதிரி அப்படியே கண்ணு முன்னால வருது. இனிமே ஒரு நட்டக்கூட என்ன நம்பி முடுக்க முடியாதுன்னு நெனச்சிட்டேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது.

அப்பா சாவியை நீட்டினார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களிடம் இல்லை. "பிடி. நாளைக்கு மதாம் கோயிலுக்குப் போவணும். எனக்கு அந்தக் குச்சி உருட்ட வரல."

"உனக்கு எப்பத்தான் வந்துது?" என்றபடி சித்தப்பா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஞாயிறு காலை சித்தப்பா ஓட்ட, முசியே முன்னால் அமர, மதாமின் பக்கத்தில் நானும் இருந்தேன். பாலத்தின் ஏற்றம் வந்தது. வண்டி நிதானமாக, மூச்சு மாறாமல் ஏறியது. உச்சியில் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தபோது மதாம் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கதவெல்லாம் சாத்தியாச்சு மதாம்," என்றார் சித்தப்பா. "ஒரு ஆளு நழுவல."

அடுத்த ஆண்டு ஆயுத பூசைக்கு முந்தின நாள், தை மாதம் மணமுடித்திருந்த சித்தப்பா அந்தக் கரிந்த வால்வைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இது உன்னோடது. கழுவு, பொட்டு வை, பாட்டுப் பாடு. மத்ததுங்ககிட்ட போன, கைய ஒடிச்சிடுவேன்."

அப்பா இல்லை, சித்தப்பா இல்லை, ஷெட் இருந்த இடத்தில் வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்றுகிறார்கள். வால்வு மட்டும் விளக்கின் பக்கத்தில் நிற்கிறது. பதிகத்தில் குற்றம் பொறுக்கக் கேட்கும் அந்த அடி வரும்போது இப்போது என் மூச்சு நிற்பதில்லை. ஆயினும், செய்யாத குற்றத்தைத் தம்முடையதென்றே ஒரு மனிதர் நம்பிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாட்கள் என் கணக்கில் நிற்கின்றன. நாள்தோறும் வைக்கிற பொட்டு அவற்றுக்காகத்தான்.